பஞ்சுவின் பெட்டி

ஏலகிரி மலைமேல் இருந்த சாமியைப் பார்க்க வருகிறவர்கள் எதை எதையோ தூக்கிக்கொண்டு வருவார்கள். பலாப்பழம், ஜாதகம், கோர்ட்டுக் காகிதம். ஒருவர் ரிப்பேரான மிக்சியைக்கூடக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்கிப் போனார். மரகதம் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தாள். பெட்டிக்குள் ஒரு சிலந்தி இருந்தது.

சாமி பெட்டியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்திருந்த பாயோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"கடிக்குமா?"

"நாம தொந்தரவு பண்ணாம இருந்தா கடிக்காதுன்னு பையன் சொல்லியிருக்கான் சாமி."

"மூடி இறுக்கமா இருக்கா?"

"இருக்கு."

"அப்போ அங்கயே வைங்க. ஜன்னல்கிட்ட."

ஞானிகளுக்குப் பயம் கிடையாது என்று நினைக்கிறவர்கள் இந்தச் சாமியைப் பார்த்ததில்லை. அவருக்கு இடி பயம், ஊசி பயம், சிலந்தி என்றால் ரொம்பவே பயம். வயது நாற்பத்தைந்து இருக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எப்போது பார்த்தாலும் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் போலவே இருப்பார். யாரையும் சீடர் என்று அவர் சொன்னதில்லை. மரகதம் தன்னைத் தானே சீடராகச் சேர்த்துக்கொண்டவள். சாமி மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டுமே.

சிலந்தி சாதாரண வீட்டுச் சிலந்தி இல்லை. மரத்தில் வாழும் ஜாதி. டரான்டுலா என்பார்கள். காலை விரித்தால் ஒரு டம்ளரின் வாயை மூடும், அவ்வளவுதான். கறுத்த உடம்பு முழுக்கப் பஞ்சு மாதிரி மயிர். கால் நுனிகள் மட்டும் மருதாணி வைத்தது போலச் சிவந்திருந்தன. மரகதத்தின் மகன் திவாகர் அதற்குப் பஞ்சு என்று பெயர் வைத்திருந்தான்.

பெட்டிக்குள் ஒரு மரப்பட்டை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் தேங்காய் நார்த்தூள். கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. பஞ்சு ஒரு மூலையில் எட்டுக் கால்களையும் ஒடுக்கிக்கொண்டு கிடந்தது. வயிறு சுருங்கிப்போயிருந்தது.

"சாப்பிட மாட்டேங்குது சாமி," என்றாள் மரகதம். "கூடும் கட்ட மாட்டேங்குது. இவ்ளோ செஞ்சும் ஒரு எடத்துல நிலைக்க மாட்டேங்குது. அவனை மாதிரியே."

"யாரை மாதிரி?"

"என் பையனை மாதிரி."

மரகதம் அரசு மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் இருந்த வார்டில் தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் என்பார்கள். டாக்டர்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஜோலார்பேட்டையில் சொந்த வீடு. ஒரே மகன்.

"எதுலயும் நிலைக்கல சாமி. மீன் தொட்டி விக்கிற கடையில வேலைக்குப் போனான். சிஸ்டர் பையன் மீன் தொட்டி கழுவறதான்னு நானே போய்ப் பேசி நிப்பாட்டினேன். டாக்டர் ஒருத்தரைப் பிடிச்சு லேப் டெக்னீஷியன் ட்ரெயினிங்ல சேத்துவிட்டேன். அதை விட்டு ஓடிட்டான். அப்புறம் ஃப்ரெண்டோட ரூம் எடுத்துத் தங்கினான். போய்ப் பாத்தா ஒரே நாத்தம். பினாயில் ஊத்திக் கழுவி, கண்டதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அவனை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். வீட்டுலயும் இருக்கல."

"வீட்டுல ஏன் இருக்கல?"

மரகதம் குரலைத் தாழ்த்தினாள்.

"கரப்பான்," என்றாள்.

"கரப்பானா?"

"இதுக்குத் தீனி போடறதுக்காக ஒரு வாளியில கரப்பான் வளத்தான் சாமி. வீட்டுக்குள்ள! சர்வீஸ் பூரா கரப்பானைக் கொன்னவ நான். அவன் வெளிய போயிருந்த நேரம் பாத்து வாளியில வெந்நீரை ஊத்திட்டேன்."

"வந்து என்ன சொன்னான்?"

"ஒரு வார்த்தை சொல்லல. வாளியைக் கழுவிக் கவுத்து வெச்சான். அடுத்த வாரம் ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான். ஆறு பேர் ஒரு ரூம்ல இருக்காங்களாம். அங்க இதை வெச்சுக்க முடியாதுன்னு என்கிட்ட விட்டுட்டுப் போனான்."

"போகும்போது ஏதாவது சொன்னானா?"

"வாரத்துக்கு ஒரு குட்டிக் கரப்பான் போடு. சாயந்திரம் கண்ணாடியில கொஞ்சம் தண்ணி தெளி. வேற ஒண்ணும் செய்யாதேம்மான்னான்."

"வேற என்ன செஞ்சீங்க?"

"சுத்தம் பண்ணினேன்," என்றாள் மரகதம். அதைச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. "ஒட்டடையா கட்டி வெச்சிடுது சாமி. நார்த்தூள், தின்ன மிச்சம், உரிச்ச தோல் எல்லாத்தையும் இழுத்துச் சேத்து, பாக்கவே சகிக்காது. சனிக்கிழமை சனிக்கிழமை அதை வழிச்சு எடுத்துட்டு, கண்ணாடியைத் துடைச்சு, புது நார்த்தூள் போட்டு வைப்பேன். முன்னெல்லாம் மறுபடி கட்டும். நான் மறுபடி எடுப்பேன். இப்போ கட்டறதையே விட்டுடுச்சு."

மற்ற வீடுகளில் போகிக்குத்தான் ஒட்டடை அடிப்பார்கள். மரகதம் வீட்டில் எல்லாச் சனிக்கிழமையும் போகிதான்.

"ஞாயித்துக்கிழமை அவனே ஃபோன் பண்ணுவான். பஞ்சு உயிரோட இருக்கான்னு கேப்பான். இருக்குன்னு சொல்வேன். வெச்சிடுவான்."

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு?"

"கேக்க மாட்டான்."

அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எத்தனையோ சாவுகளைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். ஆனால் மனசு வலித்தது, முகத்தில் தெரிந்தது.

"இது செத்துப்போச்சுன்னா அவன் எனக்கு ஃபோன் பண்றதுக்குக் காரணமே இல்ல சாமி. அதான் தூக்கிட்டு வந்தேன். இது ஏன் நிலைக்கல, அவன் ஏன் நிலைக்கல, அதை மட்டும் சொல்லுங்க. எனக்கு அலுத்துப்போச்சு. எத்தனை தடவைதான் நானும் எடுத்து எடுத்து வைக்கிறது? கை கால் எல்லாம் விட்டுப்போச்சு."

சாமி கண்ணை மூடினார். வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்று மரகதத்துக்குச் சந்தேகம் வந்தது. அப்படி நடந்ததும் உண்டு.

"கோடி அறை காலியா இருக்கு," என்றார் சாமி. "கொஞ்ச நாள் தங்குங்க."

"பதில் சாமி?"

"எனக்கும் அலுப்பாத்தான்மா இருக்கு. மெதுவாச் சொல்றேன்."

ஆசிரமத்தின் கோடியில் இருந்த அந்த அறை சின்னது. ஒரு கட்டில், ஒரு மாடக்குழி, ஒரு ஜன்னல். மரகதம் பையைத் திறந்து சாமான்களை வைத்தாள். பிரஷர் மாத்திரை கைக்கு எட்டும்படி கட்டிலின் தலைமாட்டில். தண்ணீர் பாட்டில் அதன் பக்கத்தில். மாடக்குழியில் கணவரின் போட்டோவும், திவாகர் பள்ளி யூனிஃபார்மில் நிற்கும் போட்டோவும். குறுக்கே ஒரு கயிறு கட்டித் துண்டைப் போட்டாள். மூட்டு வலித் தைலத்தைக் காலடியில் வைத்தாள். பெட்டியை ஜன்னல் மேடையில் வைத்துக் கண்ணாடியில் தண்ணீர் தெளித்தாள். பஞ்சு அசையவில்லை. மறுநாள் காலையில் கண் விழித்தபோது, எது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே அவள் கை போய் எடுத்தது. அறை அவளுடையதாகிவிட்டது.

காலைத் தியானம் முடிந்து திரும்பினாள். அறை துடைத்துக் கிடந்தது. மாத்திரை இல்லை. பாட்டில் இல்லை. போட்டோக்கள் இல்லை. கயிற்றை அவிழ்த்திருந்தார்கள். போர்வையை மடித்திருந்தார்கள். எல்லாம் பைக்குள், பை மூலையில். தரையில் பினாயில் வாசனை. ஜன்னலில் இருந்த பெட்டியை மட்டும் யாரும் தொடவில்லை.

சமையல்காரர் முனிரத்தினத்தின் வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நல்ல மனுஷன், சுத்தம் தெரிந்தவர். எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி வைத்தாள்.

மறுநாளும் அப்படியே. அவள் சமையல்கட்டுக்குப் போனாள்.

"எதுக்கு முனிரத்தினம் தினமும் சிரமப்படறீங்க?"

"நான் இல்லம்மா. சாமிதான் வர்றாரு," என்றார் முனிரத்தினம். "நான் பெருக்குறேன் சாமின்னேன். நானே பண்றேன்னு சொல்லிட்டாரு. அந்தத் தேஞ்ச தொடப்பத்த வெச்சினு இன்னா பாடு பட்டாரு தெரியுமா? பெட்டி பக்கம் போவசொல்லோ மட்டும் கண்ணை மூடிக்கினாரு."

மரகதம் நெகிழ்ந்துபோனாள். சாமியே தன் கையால் என் அறையைப் பெருக்குகிறார். என்ன பாக்கியம் செய்தேன்! துடைத்த தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அன்று முனிரத்தினம் ஸ்டோர் ரூமில் ஒரு குட்டிக் கரப்பானைப் பிடித்து டப்பாவில் கொண்டுவந்து தந்தார். மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைப் பெட்டிக்குள் போட்டாள். கரப்பான் ஓடிப் பட்டைக்குப் பின்னால் ஒளிந்தது. பஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாக்கிய உணர்வு அதிக நாள் தாங்கவில்லை. பைக்குள் மாத்திரை அட்டை துணிகளுக்கு நடுவே எங்கோ போய்விடும். தேடி எடுப்பதற்குள் தலை கிறுகிறுக்கும். தைலப் பாட்டிலின் மூடி கழன்று நல்ல சேலையில் கொட்டியது. ஒருநாள் கணவரின் போட்டோவைக் குப்புறக் கண்டாள், செருப்புப் பைக்குப் பக்கத்தில். அதைத் துடைத்து மாடக்குழியில் வைத்தாள். மறுநாள் அது மறுபடி பைக்குள் இருந்தது.

சாமியிடம் போய்ச் சொன்னாள்.

"அறையை நான் பாத்துக்கறேன் சாமி. நீங்க எதுக்கு…"

"பரவாயில்லம்மா. சுத்தமா இருக்கா?"

"சுத்தமாத்தான் இருக்கு சாமி."

"அது போதும்."

அதற்குப் பிறகு அவள் கயிறு கட்டவில்லை. பிறகு பாட்டிலை வெளியே எடுக்கவில்லை. பிறகு போட்டோக்களை எடுக்கவில்லை. எடுத்துவைத்தால் மட்டும் என்ன, எப்படியும் உள்ளே போகத்தானே போகிறது. கடைசியில் பையின் ஜிப்பைத் திறப்பதே நின்றுபோனது. தியானத்துக்குப் போகப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"இன்னாம்மா, சாப்பாட்டுக்கு வரல?" என்று வாசலில் வந்து கேட்டார் முனிரத்தினம்.

"பசிக்கல."

"ரசம் வெச்சிக்கிறேன்."

"வேணாம் முனிரத்தினம்."

சனிக்கிழமை வந்தது. பெட்டியைத் துடைக்கும் துணியும் ஸ்பிரிட் பாட்டிலும் பைக்கு அடியில் எங்கோ கிடந்தன. அவற்றைத் தேடி எடுக்கலாம். தேட மனசில்லை. ஜன்னல் பக்கம் திரும்பாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒட்டடை அடிக்காமல் போன முதல் சனிக்கிழமை அதுதான். அதற்காக வருத்தப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி துடைப்பத்தோடு வந்தார். மரகதம் கட்டிலின் மூலையில், சுவரை ஒட்டி, கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா. கட்டிலுக்கு அடியில பெருக்கணும்."

"வேணாம் சாமி."

"தூசி இருக்குமே."

"இருக்கட்டும்."

"உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்."

அந்த வார்த்தையில் மரகதத்துக்குப் பொங்கிவிட்டது. வார்டில் குரல் உயர்த்தியதுதான் கடைசி. அந்தக் குரல் இப்போது வந்தது.

"என்ன சாமி நல்லது? என் சாமானை நீங்க எதுக்குத் தொடறீங்க? கை நீட்டினா மாத்திரை இருக்கணும், எனக்கு. கண்ணைத் திறந்தா அவர் போட்டோ இருக்கணும். அந்தத் துண்டு அங்க தொங்கினா உங்களுக்கு என்ன கஷ்டம்? ஒரு தடவை எடுத்து வைக்கலாம், ரெண்டு தடவை வைக்கலாம். எத்தனை தடவை வைக்கிறது? உங்களுக்கு அது குப்பை. எனக்கு அதுதானே சாமி இங்க…"

பேச்சு நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பெட்டியின் மூடிக்குக் கீழே, பட்டை சாய்ந்திருந்த இடத்தில், வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. முதலில் கண்ணாடியில் பனி என்று நினைத்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கிட்டே போனாள். மெல்லிய ஒட்டடை. அதில் நார்த்தூள் ஒட்டியிருந்தது. கரப்பானின் மீசைத் துண்டு ஒன்றும் ஒட்டியிருந்தது. கரப்பானைக் காணவில்லை. ஒட்டடைக்குப் பின்னாலிருந்து மருதாணி வைத்த ஒரு கால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது.

மரகதம் கண்ணாடியைத் தொடப் போனாள். தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள்.

சாமி துடைப்பத்தைப் பிடித்தபடியே, தள்ளி, வாசல்படியில் நின்றார்.

ஃபோன் அடித்தது. பையின் அடியிலிருந்து அடித்தது. மரகதம் துணிகளை வாரி வெளியே போட்டு அதை எடுப்பதற்குள் நின்றுவிடுமோ என்று பதறினாள். நிற்கவில்லை.

"அம்மா. பஞ்சு உயிரோட இருக்கா?"

"இருக்குடா."

வழக்கமாக இந்த இடத்தில் அவன் வைத்துவிடுவான். மரகதம் அவசரமாகச் சொன்னாள்.

"பெட்டிதான் அழுக்கா இருக்கு."

அந்தப் பக்கம் வண்டிகள் போகும் இரைச்சல் மட்டும் கேட்டது.

"எவ்ளோ அழுக்கு?"

"மூடிக்குக் கீழ ஒட்டடை கட்டியிருக்கு. நார்த்தூளை எல்லாம் இழுத்து வெச்சிருக்கு. உள்ள இருக்கறதே சரியாத் தெரியல. காலு மட்டும் தெரியுது."

"நீ எடுக்கலையா?"

"இல்ல."

"நெஜமாவா?"

"எடுக்கலடா."

மறுபடி இரைச்சல். வைத்துவிட்டானோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வைக்கவில்லை.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டான் திவாகர்.

மரகதம் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அலுப்பா இருக்குடா. ஏலகிரியில சாமி எடத்துல இருக்கேன்."

"எனக்கு ரெண்டு நாள் லீவு இருக்கு. வீட்டுக்கு வரட்டுமா?"

"வாடா. எப்போ?"

"சாயந்திரம் வந்துடுவேன்."

ஃபோனை வைத்ததும் மரகதத்துக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ. வெளியே கிடந்த துணிகளை அள்ளிப் பைக்குள் திணித்தாள். ஜிப்பை இழுத்தாள். சேலையை இடுப்பில் செருகினாள்.

"சாமி, அவன் வரான். மத்தியான பஸ்ஸைப் பிடிச்சா அவனுக்கு முன்னாடி நான் போயிடலாம். அவன் ரூமைப் பூட்டியே வெச்சிருக்கேன். போனதும் ஒருதரம் நல்லாக் கூட்டி, தொடச்சு, அவன் சாமானையெல்லாம் எடுத்து…"

நிறுத்திக்கொண்டாள். கை ஜிப்பிலேயே இருந்தது.

சாமி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். இத்தனை நாள் பெருக்கியது அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

"வீட்டுச் சாவி அவன்கிட்ட ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சாமி."

"அவன் ரூம் சாவி?"

"அதுவும் இருக்கு."

"அப்போ நீங்க நாளைக்குப் போங்க."